பட்டைக்குள் ஒரு செடி... பூத்தால்தான் தெரியும்!

‘சுடுமல்லி பூக்கப் பூக்கப் பிடுங்கிக்கிட்டேதான் இருக்கோம். ஆனாலும் சோளம் சுண்டிப் போயிடுது. அடுத்த வருஷம் இன்னும் கூடுதலா முளைக்குது. வேற என்னதான் செய்யிறது?’

மானாவாரிச் சோளமும் கரும்பும் பயிரிடும் ஊர்களில் வருஷம் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்பவர்கள் வயலைத் திரும்பிப் பார்க்காதவர்கள் அல்ல. குடும்பத்தோடு இறங்கி, குனிந்த இடுப்பு நிமிராமல் பிடுங்கிப் போடுகிறவர்கள்தான். இருந்தும் தோற்றுப்போகிறார்கள் என்றால் காரணம் உழைப்புக் குறைவு அல்ல. அவர்கள் கண்ணில் படுவது ஒட்டுண்ணியின் கடைசிக் கட்டம். பூ வெளியே வரும்போது, அது உறிஞ்ச வேண்டியதில் பெரும்பகுதியை உறிஞ்சி முடித்திருக்கும்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள, நம் வயலை விட்டுக் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும். தன் உடம்பு முழுவதையும் இன்னொரு செடிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, பூவை மட்டும் வெளியே நீட்டுகிற செடிகள் சில உலகத்தில் இருக்கின்றன. அவை எப்படிப் பூக்கின்றன, எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று பார்த்தால், நம்மூர் ஒட்டுண்ணிகளின் சூட்சுமமும் பிடிபடும்.

இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா, அரிசோனா மாநிலங்களும் மெக்சிகோவும் சந்திக்கும் இடத்தில் சொனோரா என்ற பெரிய பாலைவனம் இருக்கிறது. அந்த மணலில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புதர் வளர்கிறது. அதன் பெயர் சோரோதாம்னஸ் எமோரி. நம் துவரை, உளுந்து, அவரை எல்லாம் எந்தக் குடும்பமோ, அதே பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிளையைக் கசக்கினால் விரலில் மஞ்சள் சாயம் ஒட்டும். வறட்சியைத் தாங்கி நிற்கும் சாதாரணப் புதர். வருஷத்தில் பெரும்பாலான நாள் அதைப் பார்த்தால் விசேஷம் எதுவும் தெரியாது.

குளிர்காலம் வந்ததும் சில புதர்களின் கிளைகளில் மட்டும் பட்டையைப் பிளந்துகொண்டு குட்டிக் குட்டியாக ஏதோ புடைத்து வெளியே வரும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பும் சிவப்பும் கலந்த நிறத்தில், கிளை நெடுகிலும் வரிசையாக இருக்கும். நம்மூர் விவசாயி பார்த்தால், ‘செதில் பூச்சி அப்பியிருக்கு, மருந்து அடிக்கணும்’ என்றுதான் சொல்வார். அவை பூச்சியும் அல்ல, அந்தப் புதரின் மொட்டும் அல்ல. அந்தப் புதருக்குள்ளேயே குடியிருக்கும் வேறொரு செடியின் பூக்கள். ஒவ்வொரு பூவும் சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அந்தச் செடியின் பெயர் பைலோஸ்டைல்ஸ் தர்பெரி. 1850-களின் தொடக்கத்தில் அமெரிக்க மெக்சிகோ எல்லையை அளக்கப் போன குழுவில் இருந்த ஜார்ஜ் தர்பர் என்ற தாவரவியலாளர் இதைச் சேகரித்தார். 1854-ல் ஆசா கிரே என்ற புகழ்பெற்ற தாவர அறிஞர் இதற்குத் தர்பரின் பெயரையே சூட்டினார். எல்லையை அளக்கப் போன மனிதர் இத்தனை சின்னப் பூவைக் கவனித்தார் என்பதே பெரிய விஷயம்.

இந்தச் செடிக்கு இலை கிடையாது. பச்சையம் கிடையாது. தண்டு என்றோ வேர் என்றோ காட்டுவதற்கும் எதுவும் இல்லை. பூ வராத காலத்தில் இது வெறும் செல்களின் இழைகளாகப் புதரின் கிளைக்குள் படர்ந்திருக்கும். காளானின் வெள்ளை இழைகள் மக்கிய வைக்கோலுக்குள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே மாதிரிதான். தண்ணீர், சர்க்கரை, சத்து எல்லாவற்றையும் புதரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. விதை போட வேண்டிய நேரம் வந்தால்தான் வெளியே தலைகாட்டுகிறது. பூ உதிர்ந்துவிட்டால், அந்தப் புதருக்குள் இன்னொரு செடி இருக்கிறது என்று வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

உலகத்தில் ஒட்டுண்ணியாக வாழும் பூக்கும் தாவரங்கள் 4,000 வகைக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உறிஞ்சு உறுப்பை மட்டும் அடுத்த செடிக்குள் செலுத்திவிட்டு, உடம்பை வெளியேதான் வைத்திருக்கும். உடம்பையே உள்ளே வைத்திருப்பவை வெகு சிலதான். பைலோஸ்டைல்ஸ் அந்தச் சிலவற்றில் ஒன்று.

பூசணிக்குப் பங்காளி!

இலை, தண்டு, வேர் என எதுவுமே இல்லாத செடியை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது? ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலம் குழம்பினார்கள். சுமத்ரா காடுகளில் சுமார் 1 மீட்டர் அகலத்துக்குப் பூக்கும் ராஃப்ளீசியாவும் இப்படித்தான் இன்னொரு கொடிக்குள் வாழ்கிறது. அதனால் உலகத்தின் மிகப்பெரிய பூவையும், கடுகளவுப் பூவையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள்.

பிறகு மரபணுச் சோதனை வந்தது. 2010-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. பைலோஸ்டைல்ஸ், ராஃப்ளீசியாவுக்குச் சொந்தம் இல்லை. பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் இருக்கிற வரிசையைச் சேர்ந்தது! குடும்பம் வேறு, ஆனால் பங்காளி முறை. பந்தல் முழுக்க அகலமான இலை விரித்துப் படரும் சுரைக்கொடியின் தூரத்து உறவு, இலையே இல்லாமல் ஒரு குச்சிக்குள் வாழ்கிறது.

இந்த மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரணப் பச்சைச் செடியின் பச்சைய உறுப்புக்குள் 100-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கும். ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள 2 பைலோஸ்டைல்ஸ் வகைகளை 2016-ல் ஆராய்ந்தபோது, அந்த இடத்தில் வேலை செய்யக்கூடியதாக 5 அல்லது 6 மரபணுக்களே எஞ்சியிருந்தன. சமைக்கிற வேலை இல்லாத வீட்டில் அடுப்பு எதற்கு என்று எடுத்துப் போட்ட கதைதான். வெயிலில் உணவு தயாரிக்கும் வேலையை விட்டுவிட்ட செடி, அதற்கான கருவிகளையும் இழந்துவிட்டது. ஆனால், பூவை மட்டும் விடவில்லை. விதை வழியாகப் புதிய புதருக்குப் போக வேண்டுமானால் பூத்தாக வேண்டுமே!

ஆண் தனி, பெண் தனி

பைலோஸ்டைல்ஸில் பப்பாளி, பனை மாதிரி ஆண் தனி, பெண் தனி. ஒரு புதருக்குள் ஆண் செடி மட்டும் குடியிருந்தால், அந்தப் புதரில் எத்தனை பூ வந்தாலும் காய் பிடிக்காது. பெண் பூ உள்ள புதர் சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும். மகரந்தத்தை எடுத்துப் போக ஈ, குளவி, தேனீ போன்றவை வர வேண்டும். பிறகு பெண் பூ சின்னஞ்சிறு கனியாகி, அதற்குள் தூசி மாதிரி விதைகள் உருவாகும்.

மத்திய தரைக்கடல் ஓரத்தில் இதே மாதிரி இன்னொரு செடி இருக்கிறது. ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, இத்தாலி, கிரீஸ் ஆகிய நாடுகளின் வறண்ட மேடுகளில் சிஸ்டஸ் என்ற புதர் நிறைய வளர்கிறது. அதன் வேருக்குள் சைட்டினஸ் என்ற ஒட்டுண்ணி குடியிருக்கிறது. வசந்த காலத்தில் புதரின் காலடி மண்ணைப் பிளந்துகொண்டு, சிவப்புச் செதில்களுக்கு நடுவே மஞ்சள் பூக்களாக வெளியே வரும். தரையோடு தரையாக இருப்பதால் இதற்கு மகரந்தம் சுமக்கும் வேலையில் பெரும்பங்கு எறும்புகளுடையது என்று தென் ஸ்பெயினில் கண்டறிந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் உள்ள இதன் சொந்தக்காரச் செடி ஒன்றுக்கு, இரவில் திரியும் எலி போன்ற சிறு விலங்குகள் அந்த வேலையைச் செய்கின்றன.

இந்தச் செடிகள் தங்கள் உழைப்பில் பெரும்பகுதியைப் பூவுக்கும் விதைக்கும்தான் செலவிடுகின்றன. உணவு தேடும் கவலை இல்லை; அடுத்த வீட்டைத் தேடும் கவலை மட்டும்தான். ஒட்டுண்ணிகளின் பலமும் இதுதான். அவற்றின் விதை மிகச் சிறியதாகவும் எண்ணிக்கையில் மிக அதிகமாகவும் இருப்பதற்குக் காரணமும் இதுதான். விழுகிற விதையில் பெரும்பாலானவை சரியான செடியைச் சேராமலே அழியும். ஒன்றிரண்டு சேர்ந்தால் போதும்.

சோறு இருக்கும் இடமே ஊர்

பைலோஸ்டைல்ஸில் உலகம் முழுக்கச் சுமார் 10 வகைகள்தான் உள்ளன. ஆனால் அவை கிடைக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம். சொனோரா பாலைவனம், தென் அமெரிக்கா, கிழக்கு மற்றும் தெற்கு ஆப்பிரிக்கக் காடுகள், ஈரானும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதிகளும், மேற்கு ஆஸ்திரேலியா. மண், மழை, வெயில் எல்லாமே மாறுகின்றன. மாறாதது ஒன்றுதான்: எல்லா இடத்திலும் இவை குடியிருப்பது பயறு வகைக் குடும்பச் செடிக்குள்.

ஈரானில் அஸ்ட்ராகலஸ் என்ற முட்புதர். ஆஸ்திரேலியாவில் டேவிசியா, ஜாக்சோனியா போன்ற குற்றுச்செடிகள். ஆப்பிரிக்காவில் பிராக்கிஸ்டீஜியா என்ற மரங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு வகைக்கு ‘செதில் பூச்சி போன்றது’ என்று பொருள்படும்படி பைலோஸ்டைல்ஸ் காக்காய்டியா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தாவரவியல் படித்தவர்களுக்கே அது பூச்சி தாக்கிய கிளையாகத் தெரிந்தது என்றால், மற்றவர்களைச் சொல்ல வேண்டியதே இல்லை.

இந்தியாவிலும் செடிக்குள் வாழும் செடி உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் நாம்தபா காட்டில், ராஃப்ளீசியாவின் சொந்தமான சாப்ரியா ஹிமாலயானா இருக்கிறது. 1836-ல் வில்லியம் கிரிஃபித் என்ற தாவரவியலாளர் மிஷ்மி மலையில் இதைக் கண்டார். சிவப்பு இதழில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெளித்தது போல, சுமார் ஒரு சாண் அகலத்துக்குப் பூக்கும். இது குடியிருப்பது டெட்ராஸ்டிக்மா என்ற கொடிக்குள். நம் வேலியில் ஏறும் பிரண்டையும், தேனிப் பக்கம் பந்தலில் விளையும் திராட்சையும் அந்தக் கொடியின் குடும்பம்தான். அந்தக் கொடி இல்லாத காட்டில் சாப்ரியா இருக்காது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. ஒட்டுண்ணிக்கென்று தனியாக ஊர் கிடையாது. இடம் கொடுக்கும் செடி எங்கே இருக்கிறதோ, அதற்கு அப்பால் அது போக முடியாது. காட்டில் இடம் கொடுக்கும் செடியை இயற்கை நட்டு வைக்கிறது. வயலில் நட்டு வைப்பது யார்? நாம்தான்.

பாலைவனத்தில் அமைதி, வயலில் அழிவு ஏன்?

பைலோஸ்டைல்ஸ் குடியிருக்கும் புதர் பெரும்பாலும் செத்துப்போவதில்லை. ஆண்டுதோறும் தளிர்க்கிறது, பூக்கிறது. உள்ளே இருப்பதும் அதோடு வாழ்கிறது. புதர் செத்தால் தானும் சாக வேண்டும் என்பதால், அளவோடு எடுத்துக்கொள்ளும் ஒட்டுண்ணிதான் நிலைக்கிறது. தவிர, பாலைவனத்தில் ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே வெறும் மணல். விதை போய்ச் சேருவதே கஷ்டம்.

நம் வயலில் கதை வேறு. ஒரு முழத்துக்கு ஒரு செடி என்று ஒரே பயிரை ஏக்கர் கணக்கில் விதைக்கிறோம். அறுத்துவிட்டு மறுபடியும் அதையே விதைக்கிறோம். ஒட்டுண்ணியின் பார்வையில் இது, வீட்டு வாசலிலேயே பந்தி விரித்து, எழுந்தவுடன் மறுபந்திக்கு இலை போட்ட மாதிரி. ஓராண்டுப் பயிர் என்பதால், ஓம்பும் செடியைக் காப்பாற்றி வைக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. சோளம் காய்வதற்குள் விதை உதிர்த்துவிட்டால் போதும்.

சுடுமல்லியின் ஒரு செடியிலிருந்தே பல ஆயிரம் விதைகள் உதிரும். கையில் எடுத்தால் மூக்குப்பொடி மாதிரி இருக்கும். மண்ணில் 10 ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு காத்திருக்கும். முளைத்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் மண்ணுக்குள்ளேயே சோள வேரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்போது பயிரைப் பார்த்தால் தண்ணீர் இல்லாமல் வாடுவது போலத்தான் தெரியும். ஈரம் இருக்கும், ஆனாலும் இலை சுருண்டு வெளுக்கும். மழை போதவில்லை என்றோ, உரம் பத்தவில்லை என்றோ நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாதி நஷ்டம் முடிந்துவிடும். அதன்பிறகுதான் பச்சையாகத் தலைகாட்டி, சின்னப் பூ பூக்கும். நம் பக்கம் பெரும்பாலும் வெள்ளைப் பூ. பைலோஸ்டைல்ஸ் மாதிரியே, இங்கேயும் பூ என்பது கடைசிச் செய்தி.

வேர் கூப்பிடுவது யாரை?

மண்ணில் இத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் விதைக்கு, மேலே சோளம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது? 1966-ல் பருத்தி வேரிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சுடுமல்லி விதையை முளைக்கவைக்கும் அந்தப் பொருளுக்கு ஸ்ட்ரைகால் என்று பெயர். பயிரின் வேர் எதிரியை அழைக்கிற மாதிரி ஒரு பொருளை எதற்காகச் சுரக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 2005-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். வேர் அழைப்பது எதிரியை அல்ல, நண்பனை. மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் ‘வேம்’ என்ற வேர் உட்பூசணத்துக்கு விடுக்கும் அழைப்பு அது. அந்த அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்டு முளைத்துவிடுகிறது.

மண்ணில் மணிச்சத்து குறையக் குறைய வேர் அதிகமாக அழைக்கும். வளம் குன்றிய மானாவாரி நிலத்தில் சுடுமல்லி கொழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தொழுவுரம், மணிச்சத்து, தழைச்சத்து எல்லாம் சரியாகக் கிடைக்கும் நிலத்தில் அதன் பலம் குறையும்.

இன்னொரு விஷயம். அந்தப் பொருள் கிடைத்தது பருத்தி வேரிலிருந்து. ஆனால் பருத்தியைச் சுடுமல்லியால் உறிஞ்ச முடியாது. அப்படியானால் பருத்தி போட்ட நிலத்தில் என்ன நடக்கும்? சுடுமல்லி விதை அழைப்பைக் கேட்டு முளைக்கும். ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காமல் சில நாளில் செத்துப்போகும். இதைத்தான் பொறிப்பயிர் என்கிறார்கள். பருத்தி, தட்டைப்பயறு, சோயா, சூரியகாந்தி ஆகியவை சுடுமல்லிக்குப் பொறிப்பயிர்கள். ஆப்பிரிக்காவின் கென்யாவில் மக்காச்சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைத் தீவனச்செடியை ஊடுபயிராக விட்டு, சிறு விவசாயிகள் சுடுமல்லியைக் கட்டுப்படுத்துகிறார்கள். தீவனமும் கிடைக்கிறது, களையும் அடங்குகிறது.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்தது. 1956-ல் வட கரோலினா மாநிலத்தில் மக்காச்சோளம் காரணம் தெரியாமல் காய்ந்துகொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து படிக்கப் போயிருந்த மாணவர் ஒருவர் வயலைப் பார்த்து, ‘இது எங்கள் ஊரில் இருக்கும் களை’ என்று அடையாளம் காட்டினார். பிறகு கணக்கெடுத்தபோது 4 லட்சம் ஏக்கருக்கும் மேல் பரவியிருந்தது தெரிந்தது. பழம் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை மண்ணுக்குள் செலுத்தினார்கள். பயிர் இல்லாத நேரத்தில் விதைகள் ஏமாந்து முளைத்து அழிந்தன. அந்தப் பகுதியிலிருந்து மண்ணோ இயந்திரமோ வெளியே போகக் கட்டுப்பாடு விதித்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் விடாமல் செய்ததில், இன்று சில ஆயிரம் ஏக்கராகச் சுருங்கியிருக்கிறது. வாயு செலுத்தும் வசதி நமக்கு இல்லை. ஆனால் எத்திலீன் செய்த வேலையைத்தான் தட்டைப்பயறு செய்கிறது, அதுவும் காய் கொடுத்துக்கொண்டே!

பூவுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

சுடுமல்லி வந்த நிலத்தில் சோளத்தைத் தொடர்ந்து போடக் கூடாது. பொறிப்பயிரைச் சுழற்சியில் கொண்டுவர வேண்டும். ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விதை ஆண்டுக் கணக்கில் மண்ணில் இருப்பதால், வைத்தியமும் ஆண்டுக் கணக்கில்தான். தலைகாட்டியதைப் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். அது இந்த ஆண்டுப் பயிரை முழுதாகக் காப்பாற்றாது, அடுத்த ஆண்டுப் பயிரைக் காப்பாற்றும். பூத்துக் காய்த்ததைப் பிடுங்கினால் வரப்பிலோ குப்பைக்குழியிலோ போடாமல் எரித்துவிட வேண்டும். கரும்பில் களைக்கொல்லி தெளிக்க நினைப்பவர்கள், 2,4-டி மருந்து பக்கத்து வயல் பருத்தியையும் வெண்டையையும் பாதிக்கும் என்பதை மறக்கக் கூடாது. அளவை வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் தெளிக்க வேண்டும்.

புகையிலை, கத்தரி, தக்காளியில் வரும் புகையிலைக்காளானுக்குப் பச்சையமே கிடையாது. அதன் தண்டு மண்ணைக் கீறி வரும்போதே, பூக்கும் முன்பாக எடுத்துவிட வேண்டும். குருத்தில் ஓரிரு சொட்டு வேப்பெண்ணெய் விட்டாலும் கருகும். எள், உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றை முன்பயிராகப் போடுவது இதற்குப் பொறி.

அம்மையார் கூந்தல் விதையோடு விதையாக வீடு தேடி வரும். குதிரைமசால் விதை வாங்கும்போது சலித்துப் பார்த்து வாங்க வேண்டும். வயலில் மஞ்சள் நூல் கண்ணில் பட்டால், சுற்றிய பயிரோடு சேர்த்து அறுத்து எரிக்க வேண்டும். நூலை மட்டும் இழுத்தால், பயிரில் ஒட்டியிருக்கும் துண்டு மறுபடியும் தழைக்கும்.

மாமரத்தில் புல்லுருவி இருந்தால் அதன் இலையையும் பூவையும் மட்டும் ஒடித்துப் போடுவது வீண் வேலை. உறிஞ்சு உறுப்பு கிளைக்குள் இருக்கிறது, திரும்பத் துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே, கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும். அதுவும் பழம் பழுக்கும் முன்பே! பழுத்துவிட்டால் மலர்க்கொத்தி என்ற மிகச் சிறிய குருவி அந்தப் பழத்தைத் தின்று, பிசின் மாதிரி ஒட்டும் விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். குருவி மேல் குற்றம் இல்லை. அதன் உணவு அது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பரவும் வழியை அடைக்க வேண்டும். காட்டில் ஒட்டுண்ணி விதையை எறும்பும் பறவையும் காற்றும் சுமக்கின்றன. ஊரில் அவற்றைவிட வேகமாகச் சுமப்பவை வாடகைக் கலப்பை, அறுவடை இயந்திரம், சுடுமல்லி கலந்த சோளத்தட்டை, சரியாக மக்காத எரு, கைமாற்றாக வாங்கிய விதை. இயந்திரம் ஒரு வயலை விட்டு அடுத்த வயலுக்கு இறங்கும் முன் மண்ணைத் தட்டி, கழுவிவிட்டால் செலவு ஒன்றும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் வயலிலும் சுடுமல்லி இருந்தால், இரண்டு பேரும் ஒரே ஆண்டில் பயிரை மாற்றினால்தான் பலன். ஒருவர் மட்டும் செய்வது ஒரு பக்கக் கதவை மட்டும் சாத்துவது மாதிரி.

எல்லா ஒட்டுண்ணியும் எதிரி இல்லை

கடைசியாக ஒன்று. வாசனைக்குப் பெயர்போன சந்தன மரமும் ஒட்டுண்ணிதான்! அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துத் தண்ணீரும் சத்தும் எடுக்கிறது. அதனால்தான் சந்தனக் கன்றோடு துவரையையும் சவுக்கையும் துணைக்கு நடுகிறோம். துணைச்செடி இல்லாத சந்தனம் நோஞ்சானாகவே நிற்கும். எந்தச் செடிக்கு எது சோறு என்று தெரிந்து நடுவதால், அங்கே ஒட்டுண்ணி நமக்கு வருமானம் ஆகிறது. தெரியாமல் விதைக்கும் இடத்தில் அதே குணம் நஷ்டம் ஆகிறது.

இந்தப் பட்டத்தில் சோளம் போட்டிருப்பவர்கள், ஈரம் இருந்தும் பயிர் வாடுகிற இடத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். சோள வேரில் வெள்ளையாக, நூல் போன்ற முளைகள் ஒட்டியிருந்தால் அது சுடுமல்லி. அந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி அடையாளம் வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு முதல் தட்டைப்பயறு விழ வேண்டிய இடம் அதுதான்.